பக்கத்து சீட் பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பிரேக் டீச்சருக்குக் கார் ஓட்டிப் பழக்கம் குறைவு. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பியவர்களும் அவர் காதில் விழும்படி சொன்னதில்லை.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. கற்றுக்கொடுப்பவர் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும், ஓட்டுவது கற்றுக்கொள்பவரின் பாடு. டீச்சர் தாவணி வயதில் பக்கத்து சீட்டில் ஏறியவர், தலை நரைத்துத்தான் இறங்கினார். இடைப்பட்ட காலத்தில் காய்கறி வாங்கப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும் யாரோ ஒரு மாணவர் வியர்த்து விறுவிறுத்து ஓட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பாடம் ஆயிற்று, டீச்சருக்குக் கத்தரிக்காய் ஆயிற்று.

பெயருக்குக் காரணம் அவர் காலடியில் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. மாணவர் பதறிப்போய் எதையோ மிதிக்க, வண்டி எதையோ நோக்கிப் பாய, டீச்சரின் கால் மட்டும் அசையும். வண்டி நிற்கும். பிறகு வாய் அசையும். "ஸ்டியரிங்கை எதுக்கு இப்படிக் கட்டிப் பிடிக்கிறீங்க, உங்க சம்சாரமா அது?" என்று ஒரு டாக்டரைக் கேட்டார். சம்சாரம் பின் சீட்டில்தான் இருந்தார். அந்த டாக்டர் பின்னாளில் எத்தனையோ பட்டம் வாங்கினாலும், "நான் பிரேக் டீச்சர்கிட்டத் திட்டு வாங்கினவன்" என்பதை அவற்றுக்கு முன்னால் சொல்வார். திட்டு என்பது அந்த ஊரில் லைசென்சுக்கு முந்தைய லைசென்ஸ்.

ஆனால் காரை விட்டு இறங்கினால் டீச்சரின் கோபமும் கூடவே இறங்கிவிடும். அடுத்த நிமிஷம் அதே மாணவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். ஒரே ஒரு கோபம் மட்டும் இறங்கவே இல்லை. அது மரக்கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு கறுப்புக் காருக்குள் உட்கார்ந்திருந்தது.

அந்தக் கார் அப்பா வாங்கியது. உருண்டை மூக்கு, தவளை முழிப்பது போல் இரண்டு விளக்கு, ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர். அதை வைத்துத்தான் ஊரின் முதல் டிரைவிங் ஸ்கூலை அப்பா தொடங்கினார். பக்கத்து சீட் பெடல்களைக் கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கினார். கொஞ்ச காலத்தில் அவருக்கு முழங்கால் போய்விட்டது. முழங்கால் இல்லாமல் பிரேக் இல்லை, பிரேக் இல்லாமல் ஸ்கூல் இல்லை. மகளுக்கு முழங்கால் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் நியமன உத்தரவு. அப்பா வீட்டில் இருந்து போர்டு எழுதினார், கட்டணம் வாங்கினார், தான் நடத்தும் ஸ்கூலைப் பற்றி எல்லாரிடமும் பேசினார். மகள் பிரேக் மிதித்தாள். தம்பி படித்து ஆடிட்டர் ஆனான். மூன்றும் ஒன்றாக நடந்தன, ஒன்றால் ஒன்று நடந்தது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

பிறகு அப்பா படுத்துவிட்டார். கடைசி நாளில் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள். அப்பா தெளிவாகவே பேசினார். அதுதான் வினை.

"காரை வித்துறாதீங்க. அது என் பிள்ளைக்கு" என்றார். போய்விட்டார்.

பிள்ளை என்ற சொல் எவ்வளவு விசாலமானது என்பது அன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று யாராவது கேட்டால் அப்பா "ரெண்டு" என்பார். "யாரு யாரு?" என்றால் "ஒரு பொண்ணு, ஒரு பிள்ளை" என்பார். ஒரே வாய், ஒரே மூச்சு. முதல் கணக்கில் டீச்சர் உண்டு, இரண்டாவது கணக்கில் இல்லை. கார் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது?

"பிள்ளைன்னா நான்தானே" என்றான் தம்பி. அவன் பொய் சொல்லவில்லை. அவன் காதில் அப்படித்தான் விழுந்தது.

"நானும் பிள்ளைதான்டா" என்றார் டீச்சர். அவரும் பொய் சொல்லவில்லை.

தமிழ் வாத்தியாராக இருந்த பெரியப்பாவிடம் வழக்குப் போனது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை என்பது இருபாலுக்கும் பொது என்றார். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் பேச்சு வழக்கு என்று ஒன்று இருக்கிறதே என்றார். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

"கீரி பிள்ளை, கிளி பிள்ளை, அணில் பிள்ளை. என்னை மட்டும் சேர்க்க முடியல உங்களால, இல்ல?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார் டீச்சர்.

மறுவாரம் கார் மரக்கடைக் கொட்டகைக்குள் போயிற்று. தம்பி ஒரு பூட்டுப் போட்டான். டீச்சர் அதன் மேல் ஒரு பூட்டுப் போட்டார். இவர் சாவி இல்லாமல் அவன் திறக்க முடியாது, அவன் சாவி இல்லாமல் இவர் திறக்க முடியாது. தம்பி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். டீச்சர் ஒரு சின்னக் காரைத் தவணையில் எடுத்து, அதற்கும் இரண்டாவது பெடல் வைத்து, தன் பெயரில் ஸ்கூல் நடத்தினார். அக்காவும் தம்பியும் விசேஷங்களில் பார்த்துக்கொண்டார்கள். வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். மழைக்காலத்திலும் அதையே பேசினார்கள்.

ஒரு நாள் மரக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் போன் செய்தார். பழைய கடைக்காரரின் மகன் அவர். கொட்டகையை இடித்துக் கட்டிடம் எழுப்பப் போகிறாராம். "உள்ள இருக்கிறது காரா, வேற ஏதாவதான்னுகூட எனக்குத் தெரியாது. எங்கப்பா சாகும்போது, அதை மட்டும் தொடாதடான்னு சொன்னாரு" என்றார். இன்னொரு அப்பாவின் கடைசி வார்த்தை. ஆனால் இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

தம்பி வந்து இறங்கினான். முன்தலை வழுக்கை, பேண்ட்டுக்கு மேல் ஒரு வயிறு. கொட்டகை வாசலில் டீச்சர் ஏற்கெனவே நின்றிருந்தார். அவர் பூட்டு ஒரே திருகில் திறந்தது. தம்பியின் பூட்டு துருப்பிடித்துச் சாவியையே விழுங்கிக்கொண்டது. மரக்கடை ஆள் ரம்பம் எடுத்து வந்தார்.

"உன் பூட்டு மட்டும் எப்படிக்கா திறந்துச்சு?"

"வருஷா வருஷம் வந்து எண்ணெய் போட்டேன்."

"என் பூட்டுக்கும் ரெண்டு சொட்டுப் போட்டிருக்கலாமே."

"உன் பூட்டு எனக்கென்ன பிள்ளையா?"

ரம்பக்காரர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாது என்று புரிந்து, வேகமாக அறுத்தார்.

உள்ளே கார் இருந்தது, கார் என்று சொல்லலாம் என்கிற அளவுக்கு. டயர்கள் நான்கும் வெடித்துத் தரையோடு ஒட்டியிருந்தன. கூரையில் தூசி ஒரு போர்வை கனத்துக்கு. பின் சீட்டைப் பிய்த்து எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. எலிகளுக்கு யார் பிள்ளை என்ற சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது, எல்லாம் ஒற்றுமையாக இருந்து நாசம் செய்திருந்தன. தம்பி நேராக ஸ்டியரிங் பக்கம் போனான். டீச்சர் நேராகப் பக்கத்து சீட் பக்கம் வந்து, கதவைப் பலம் கொண்டு இழுத்துத் திறந்து, குனிந்து பார்த்தார். பெடல்கள் இருந்தன. பிரேக் பெடலின் ரப்பர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. அவர் பாதம் அந்த ஓரத்தில்தான் விழும்.

"ரெடி பண்ணலாம்க்கா" என்றான் தம்பி, தூசியில் தும்மிக்கொண்டே. அவன் இருக்கும் ஊரில் பழைய கார்க் கண்காட்சி நடக்கிறதாம். பெரிய பெரிய ஆட்கள் வருவார்களாம். "அப்பா பேர்ல ஒரு போர்டு வச்சு நிறுத்தலாம். செலவு ஆளுக்குப் பாதி."

"அப்புறம் யார் வீட்டுல நிக்கும்?"

"முதல்ல ஓடட்டுமே. அதை அப்புறம் பார்ப்போம்."

வேறு எந்தப் பேச்சாக இருந்தாலும் டீச்சர் அங்கேயே ஒரு முடிவு கேட்டிருப்பார். ஆனால் அந்த இன்ஜின் சத்தத்தை ஒரு தடவை கேட்கவேண்டும் என்ற ஆசை அவர் வாயை அடைத்துவிட்டது. ஆசை வந்தால் கோபக்காரர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள்.

பழைய வண்டிகளுக்கென்று அந்த ஊரில் இருந்த ஒரே மெக்கானிக்குக்கு ஆமை என்று பெயர். வேலை நடக்கும் வேகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். அப்படிக் கூப்பிட்டால் அடிக்க வருவார். ஆனால் பட்டறை வாசலில் 'ஆமை ஒர்க்‌ஷாப்' என்று போர்டு வைத்திருந்தார். வேறு பெயர் எழுதியிருந்தபோது யாரும் இடத்தைக் கண்டுபிடித்து வரவில்லையாம்.

ஆமையும் ஒரு காலத்தில் டீச்சரின் மாணவர்தான். "நீங்க திட்டின திட்டுலதான் ஓட்டுறதை விட்டுட்டு ரிப்பேருக்கு வந்தேன்" என்று முதல் நாளே சொன்னார்.

"ரிப்பேரை யாருகிட்டக் கத்துக்கிட்ட?"

"அவரு திட்டலை. அடிச்சாரு."

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. பிஸ்டன்கள் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டுவிட்டன. ஆமை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக எண்ணெயை ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"ஊறணும்."

"ஊறினதும்?"

"திருப்பிப் பார்க்கணும். திரும்பலைன்னா மறுபடி ஊறணும். தட்டினா உடைஞ்சிரும் டீச்சர்."

டீச்சர் தினமும் காலையில் வந்துவிடுவார். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஊறுவதைப் பார்த்துக்கொண்டு திட்டுவார். ஊறுகாய் போட்டால்கூட இந்நேரம் ஊறியிருக்கும் என்பார். ஆமை காது கேளாதவர் போல் மற்ற வேலைகளைப் பார்த்தார். பெட்ரோல் டாங்கில் பழைய பெட்ரோல் கெட்டித்துப் பிசினாகி, கார்பரேட்டரின் ஒவ்வொரு துளையையும் அடைத்திருந்தது. ஒயர்களை எலி தின்று, செம்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. பிரேக் சிலிண்டர்களில் ரப்பர் எல்லாம் களிமண். தரைத் தகட்டில் துரு அரித்த இடத்தில் விரலால் குத்தினால் அந்தப் பக்கம் சிமெண்ட் தெரிந்தது. ஒவ்வொன்றையும் கழற்றி, கழுவி, வரிசையாக ஒரு பழைய போர்வையில் பரப்பி வைத்தார். அவர் வேகம் ஆமை வேகம்தான், ஆனால் கழற்றியதில் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை என்று டீச்சர் தனக்குள் ஒப்புக்கொண்டார். வெளியே சொல்லவில்லை.

ஒரு காலையில் ஆமை நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். இன்ஜின் ஒரு விரல்கடை அசைந்தது. மறுபடி அழுத்தினார். முழுச்சுற்று வந்தது.

இன்ஜினுக்கு உயிர் வந்த நாளில் டீச்சர் தம்பிக்குப் போன் போட்டு, போனைப் பானெட் பக்கம் நீட்டினார். முதலில் இருமல். பிறகு வெள்ளைப் புகை பட்டறையை நிறைத்தது. பிறகு அந்தச் சத்தம், அடித்தொண்டையில் கதை சொல்வது மாதிரி. போனில் தம்பி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. டீச்சருக்கும் ஏதோ செய்தது. அதைச் சமாளிக்க, "நாலாவது சிலிண்டர் சரியா அடிக்கல, காது என்ன அடைச்சிருக்கா உனக்கு" என்று ஆமையைத் திட்டினார்.

அந்த நிமிஷத்தில் விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது.

பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பட்டி வைத்துத் தேய்க்கிற கட்டம். தூசி ஒத்துக்கொள்ளவில்லை, டீச்சருக்கு இருமல் வந்து சில நாள் வீட்டில் இருந்துவிட்டார். அந்தச் சில நாட்களில் தம்பி ஆமைக்குப் போன் செய்தான். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: ஒரிஜினல். எல்லாம் ஒரிஜினலாக இருக்கவேண்டும். கம்பெனியில் இருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. படங்களும் அனுப்பினான்.

டீச்சர் திரும்பி வந்தபோது கார் பளபளவென்று நின்றது. குனிந்தால் முகம் தெரிந்தது. நரைத்த முகம்தான், ஆனால் கறுப்பில் பார்க்க நன்றாக இருந்தது. பக்கத்து சீட் கதவைத் திறந்து, புது ரெக்ஸின் சீட்டில் உட்கார்ந்து, ஆயுள் முழுக்கச் செய்தது போல வலது காலை நீட்டினார்.

கால் தரையில் பட்டது.

இன்னும் கொஞ்சம் மேலே நீட்டினார். ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தார். புதுத் தகடு, வழுவழுவென்று, அங்கே எப்போதும் எதுவுமே இருந்ததில்லை என்பது போல.

"இங்க இருந்த பெடல் எங்க?"

ஆமை பெயிண்ட் டப்பாவுக்கு மூடி தேடினார். மூடி டப்பாவின் மேல்தான் இருந்தது.

"உன்னத்தான் கேட்கிறேன்."

"சார் சொன்னாரு டீச்சர். ஒரிஜினல்ல அது கிடையாதாம்."

"கழட்டினதை எங்க வச்ச?"

"பழைய இரும்புக்காரர் வந்திருந்தாரு. துருப்பிடிச்சதை எல்லாம் மொத்தமா..."

ஒரு ஆணியைக்கூடத் தொலைக்காத ஆமை, அதை மட்டும் இரும்புக்காரருக்கு எடுத்துக் கொடுத்திருந்தார். டீச்சர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் பட்டறையே தோளைக் குறுக்கிக்கொண்டது. டீச்சர் கத்தவில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. முக்காலியை இழுத்துக் காருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். தம்பி மறுநாள் வண்டியைக் கண்காட்சிக்கு எடுத்துப் போக வருவதாக இருந்தது. "இன்னைக்கே வரச் சொல்லு" என்றார் ஆமையிடம். "நான் பேசினா அவன் வரமாட்டான்."

தம்பி மத்தியானம் வந்தான். காரைப் பார்த்து முகம் மலர்ந்தது, அக்காவைப் பார்த்து வாடியது.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"அது ஒட்டு வேலைக்கா. கம்பெனி வச்சது இல்ல. அப்பா கொல்லர்கிட்டச் சொல்லி மாட்டினது. ஜட்ஜுங்க பார்த்தா மார்க்கைக் குறைச்சிடுவாங்க."

"ஒட்டு வேலை."

"அப்படித்தானே அதுக்குப் பேரு."

"அந்த ஒட்டு மேலதான் நான் காலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒட்டுலதான் உன் காலேஜ் பீஸ் வந்துச்சு. அப்ப நானும் ஒட்டா?"

"அக்கா, ஒரு பெடலுக்கா இவ்வளவு? அப்பா வண்டி முழுசா நம்ம கண்ணு முன்னால நிக்குது..."

"அப்பா வண்டியில அப்பா எங்கடா இருந்தாரு? முழுசா நாலு வருஷம் ஓட்டினாரா? அப்புறம் யாரு இருந்தா?"

"அதுக்காக? அப்பா பிள்ளைக்குன்னு சொன்னதை மாத்த முடியுமா?"

ஆமை விறுவிறுவென்று பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அவர் வேகமாக நகர்ந்து பார்த்தவர்கள் அன்று பட்டறையில் வேலை செய்த பையன்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

டீச்சர் எழுந்தார். காரைச் சுற்றிக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் போனார். "ஏறு" என்றார்.

"எங்க?"

"அந்தப் பக்கம். ஒரிஜினல் பக்கம்."

"நீயா ஓட்டப்போற?"

"ஏன், பிள்ளைங்கதான் ஓட்டணுமா?"

தம்பி ஏறினான். ஏறாமல் இருந்திருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்தே அந்தக் குரல் 'ஏறு' என்றால் ஏறியே பழக்கம். ஆமை பின்வாசலிலிருந்து, "பிரேக் புதுசு டீச்சர், கொஞ்சம் முன்கூட்டியே மிதிங்க" என்று மட்டும் கத்தினார்.

இங்கேதான் டீச்சரின் ஆயுள்காலத் தொழில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அவர் உடம்புக்குத் தெரிந்த ரோடு பக்கத்து சீட்டிலிருந்து பார்த்த ரோடு. ரோட்டோரம் தன் தோளை ஒட்டிப் போகவேண்டும், கார் தனக்கு மறுபக்கம் விரிந்திருக்கவேண்டும் என்று அவர் கண் பழகியிருந்தது. இப்போது ரோட்டோரத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழு சீட் இருந்தது. அதில் தம்பி இருந்தான்.

முதலில் ஒரு தபால் பெட்டி தம்பியின் ஜன்னலுக்கு வெகு அருகில் வந்து, அவனை நேருக்கு நேர் பார்த்துவிட்டுப் போனது. அடுத்து நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்கள். அடுத்து ஒரு கடையின் கூரைக் கம்பு. தம்பி கண்ணாடிப் பக்கமிருந்து நகர்ந்து நகர்ந்து கியர் பக்கம் ஒதுங்கினான். எதிரே ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. டீச்சர் ஒதுங்கினார். ஒதுங்கிய பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது.

தம்பியின் வலது கால் படாரென்று தரையில் இறங்கியது. ஒரு தடவை அல்ல. தட், தட், தட் என்று தகடு முழுக்கத் தேடியது.

வண்டி கம்பத்தை உரசாமல் தாண்டிப்போனது.

"என்னடா தேடுற அங்க?"

"ஒண்ணுமில்ல."

"எதையோ மிதிச்சியே."

"நீ ரோட்டைப் பாருக்கா."

"நல்லா மிதி. ஒரிஜினல் தகடு. ஜட்ஜுங்க மார்க் போடுவாங்க."

ரயில்வே கேட் மூடியிருந்தது. டீச்சர் முன்கூட்டியே மிதித்தார், வண்டி தூரத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பிறகு காரைப் பார்த்து, ஹாரனை நிறுத்திப் போனில் படம் எடுத்தார்கள். தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நீயே வச்சுக்கோக்கா" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்பதற்குத்தானே அவர் இத்தனை வருஷம் பூட்டுக்கு எண்ணெய் போட்டார். கேட்டதும் உச்சந்தலை வரை எரிந்தது.

"நீ யாருடா எனக்குக் கொடுக்கிறதுக்கு?"

"வச்சுக்கிட்டாலும் திட்டுற, கொடுத்தாலும் திட்டுற. பின்ன உனக்கு என்னதான் வேணும்?"

"அன்னைக்கு அவரு என்னைத்தான் சொன்னாரு. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரு."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாரு."

"பிடிச்சிருந்தது உன் கையை. பார்த்தது என்னை."

"அதான் நானும் சொல்றேன். கையைப் பிடிச்சிருந்தாரு."

இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருப்பது ஒரே காட்சி, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ. தெரியாமல் சொன்னால் அசட்டை. தெரிந்து சொன்னால் கோழைத்தனம். எப்படிப் பார்த்தாலும் மன்னிக்க ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை காலம் தம்பி மேல் வைத்திருந்த கோபம் இடம் மாறிக்கொண்டிருந்தது. இடம் மாறியதில் துளியும் குறையவில்லை.

"திரும்புறதுக்கு முன்னால கை காட்டணும்னு ஊருக்கே பாடம் நடத்தினவரு. போகும்போது எந்தப் பக்கம்னு கை காட்டாமப் போயிட்டாரு பாரு. என் பொண்ணுக்குன்னு சொல்றதுக்கு என்ன கேடு? இல்ல, பையனுக்குன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு? ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்."

"செத்தவரைப் பத்தி இப்படிப் பேசாதக்கா."

"செத்துட்டா செஞ்சது சரியாயிடுமா? என் முழங்காலை எடுத்துக்கிட்டாரு. ஸ்கூல் போர்டுல அவர் பேரைப் போட்டுக்கிட்டாரு. கடைசியில ஒரு சொல்லு, அதையாவது முழுசா எனக்குக் கொடுத்தாரா?"

ரயில் வந்தது. சரக்கு ரயில், பெட்டிக்கு மேல் பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிகிறவரை பேச முடியாது. முடிந்தபோது தம்பி, "அந்த ஸ்கூலை நீதான் நடத்தினன்னு எனக்குத் தெரியாமலாக்கா இருக்கும்" என்றான்.

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"இப்பச் சொன்னேனே."

"கம்பத்துல மோதப் பார்த்த பிறகு சொல்ற."

கேட் திறந்தது. டீச்சர் கியரைத் தள்ளினார். கிர்ரென்று பல்லைக் கடித்துவிட்டு விழுந்தது.

"கண்காட்சிக்கு வண்டி வராது. என் வீட்டுக்குப் போகுது. அப்பா கொடுத்தாருன்னும் சொல்லாத, நீ கொடுத்தேன்னும் சொல்லாத. யாராவது கேட்டா, அக்கா எடுத்துக்கிட்டான்னு சொல்லு."

"எடுத்துக்கிட்டான்னா திருட்டு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்."

வீட்டு கேட் குறுகல். சின்னக் காருக்காகக் கட்டியது. தம்பி முன்னாலேயே இறங்கிக்கொண்டான், தியாகம் மாதிரி ஒரு முகத்துடன். முன்னால் நின்று கையை ஆட்டி வா வா என்றான். வா வா என்றவன் போ போ என்றான். பிறகு இரண்டு கையையும் தூக்கினான். டீச்சர் வழக்கப்படி தன் தோளை ஒட்டிய ஓரத்தை மட்டும் பார்த்து நேராக விட்டார். மறுபக்கத்தில், ஆமை நாட்கணக்கில் உப்புத்தாள் போட்ட கதவிலிருந்து பின்பக்கம் வரை, கேட் தூண் பொறுமையாக ஒரு கோடு இழுத்தது.

இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். கறுப்புக்குள் சாம்பல், சாம்பலுக்குள் தகடு.

"இனிமே எந்தக் கண்காட்சியிலும் சேர்க்கமாட்டாங்க" என்றான் தம்பி.

"அதுக்குத்தான் உரசினேன்" என்றார் டீச்சர். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். தம்பி இது ஒன்றில் மட்டும் எதிர்வழக்கு ஆடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

மறுநாள் ஆமை வந்தார். கீறலைத் தடவிப் பார்த்து, உதட்டைக் கடித்து, "மறுபடியும் முதல்லருந்து பட்டி வைக்கணும்" என்றார்.

"அது கிடக்கட்டும். உள்ள தரையை வெட்டு."

"புதுத் தகடு டீச்சர். நல்லாப் பத்த வச்சிருக்கேன்."

"நல்லா வெட்டு. பிரேக் அடிச்சு வை."

"பழைய பெடல் அளவு என்கிட்ட இல்லையே."

டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி வெளியே போட்டார். வெறுங்காலைத் தகட்டின் மேல், எந்த உயரத்தில் எந்தச் சாய்வில் வேண்டுமோ அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். "இந்தா அளவு" என்றார்.

ஆமை பாக்கெட்டில் சாக்பீஸ் தேடி எடுத்து, தரையில் மண்டியிட்டு, அவர் பாதத்தைச் சுற்றி வரையத் தொடங்கினார். வழக்கம்போல் மெதுவாக.

"சீக்கிரம் வரை" என்றார் டீச்சர். காலை எடுக்கவில்லை.